இரண்டுக்கும் ஒரே குரல்

செப்டம்பர் 8, திங்கள்

கல்லூரி முதல்வர் அழைத்திருந்தார். நான் போனபோது திலகவதி மேடம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் கணினி அறிவியல் துறைத் தலைவர். நான் கணினி லேபின் பொறுப்பாளன். எங்கள் இருவரையும் ஒன்றாக யாராவது கூப்பிட்டால் அது ஒரே விஷயத்துக்காகத்தான் இருக்கும். கணினியை இயக்கும் ஓஎஸ் என்று வந்தால் அவருக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ். லேபில் இடப்பக்க வரிசைகளில் என்னுடையது ஓடுகிறது, வலப்பக்க வரிசைகளில் அவருடையது. நடுவில் உள்ள நடைவழிக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் வாகா எல்லை.

“சண்டை போட்டது போதும். பழைய விண்டோஸுக்கு அக்டோபரோட கம்பெனி ஆதரவு முடியுதாம். ஒண்ணு எல்லாத்துலயும் புது விண்டோஸ் போடணும். இல்லன்னா எல்லாத்துலயும் லினக்ஸ். ஒரே லேப், ஒரே ஓஎஸ்” என்றார் முதல்வர். அவர் கணிதப் பேராசிரியர். எதற்கும் ஒரு விடைதான் இருக்க வேண்டும் அவருக்கு. “ராஜன், நீங்க ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு அறிக்கை குடுங்க. பக்கச்சார்பு இல்லாம.”

கடைசி வார்த்தையில் திலகவதி மேடம் மின்விசிறியைப் பார்த்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த லேபில் இருந்தவை யாரோ கழித்துக்கட்டிய கணினிகள். எதை ஏற்றினாலும் மூச்சு வாங்கும். லினக்ஸைப் போட்டேன், எழுந்து ஓடின. பிறகு அதன் மெனுக்களைத் தமிழாக்கும் தன்னார்வலர் கூட்டத்தில் சேர்ந்து, ‘சேமி’யா ‘சேமிக்க’வா என்று வாரக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். பக்கச்சார்பு இல்லாமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் இருப்பேன். குறையை நானாகக் கற்பித்துச் சொல்ல மாட்டேன். விண்டோஸில் இருக்கிற குறையே போதும்.

செப்டம்பர் 9

புது விண்டோஸ் கணினி ஒன்றை என் மேசையிலேயே, என் லினக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 11

விண்டோஸில் மவுஸ் அம்பு காணாமல் போகிறது. கையை அசைத்து அசைத்துத் தேட வேண்டியிருக்கிறது. சட்டென்று எங்கிருந்தோ நடுத்திரைக்கு வருகிறது. எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். என்னுடைய லினக்ஸில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் அம்பைப் பெரிதாக்கி, மெனு, கடிகாரம், அறிவிப்பு எல்லாவற்றையும் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து சில மாதங்கள் ஆகின்றன. நமக்குத் தோதாக மாற்றிக்கொள்ள முடிவதுதானே சுதந்திரம்! குறித்துக்கொண்டேன்.

மாலையில் என் மனைவி மினா, தான் வேலை பார்க்கும் தபால் நிலையத்திலிருந்து நேராகக் கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டாள். இப்போதெல்லாம் அவளுக்கு வண்டி ஓட்டும் ஆசை வந்திருக்கிறது. “நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி உக்காருங்க” என்று சாவியை வாங்கிக்கொள்கிறாள். உட்கார்ந்தேன். பாலக்கரை வரைக்கும் என் கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது.

செப்டம்பர் 15

தமிழ்த் துறைக்கு இந்த ஜூனில் வந்த உதவிப் பேராசிரியர் மெஹர் நிஷா லேபுக்கு வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வெள்ளைக் கோலை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

“சார், எனக்கு ஒரு சிஸ்டம் வேணும். கட்டுரை ஒண்ணு அடிக்கணும். என்விடிஏ போட்டுத் தருவீங்களா?”

என்விடிஏ என்பது திரையில் இருப்பதை வாய்விட்டு வாசித்துச் சொல்லும் மென்பொருள். விண்டோஸில் ஓடுவது.

“லினக்ஸ்லயும் அப்படி ஒண்ணு இருக்கு மேடம். ஓர்க்கானு பேரு. நல்லா இருக்கும்” என்றேன்.

“நீங்க யூஸ் பண்ணிருக்கீங்களா?”

“அதைப் பத்திப் படிச்சிருக்கேன்.”

“நானும் தாஜ்மஹாலைப் பத்திப் படிச்சிருக்கேன் சார்” என்றார்.

வலப்பக்க வரிசையில் ஒரு கணினியில் போட்டுக் கொடுத்தேன். உட்கார்ந்ததும், “மானிட்டர் ஓடுதா? அணைச்சிடுங்க. யாருக்காக ஓடணும்?” என்றார். அணைத்தேன். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு இயந்திரக் குரல், பட்டாணி கொட்டுவது போல. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் அதைக் கேட்டுக்கொண்டே என்னோடும் பேசிக்கொண்டு வேகமாகத் தட்டச்சும் செய்தார். கறுத்துக் கிடந்த திரைக்கு முன்னால் ஒரு ஆள் வேலை செய்வதைப் பார்க்க ஏனோ எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யுபிஎஸ்ஸைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். யுபிஎஸ் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 22

பெரிய குறை ஒன்று அகப்பட்டுவிட்டது. விண்டோஸில் அறிவிப்புகள் வருவதில்லை. ‘டிஸ்க் நிரம்பப் போகிறது’, ‘பென் டிரைவில் கோளாறு’ போன்ற எச்சரிக்கைகள் வலது கீழ்மூலையில் தோன்ற வேண்டும். ‘டிங்’ என்று ஒலி மட்டும் வருகிறது, பெட்டி வருவதில்லை. செய்முறைத் தேர்வு நடக்கும்போது இப்படி ஆனால் மாணவர்கள் எழுதிய நிரல் மொத்தமும் போய்விடும்.

திலகவதி மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘டிங்’ கேட்டது.

“பாத்தீங்களா? வரல.”

“வந்துச்சே சார்.”

“எங்க வந்துச்சு?”

“இப்பதான் சார், மூலைல வந்துட்டுப் போச்சு. என்ன சார் இது, நேரா பாத்துக்கிட்டே இல்லங்கறீங்க!”

மறுபடி செய்தேன். மறுபடி ‘டிங்’. மறுபடி அவர் வந்தது என்றார், நான் இல்லை என்றேன். ‘பொய் சொல்றீங்க’ என்று மாணவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். தன் கட்சியைக் காப்பாற்ற ஒரு பேராசிரியை இப்படிக் கண்ணெதிரே பொய் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. “உங்களுக்கு லினக்ஸ் ஜெயிக்கணும், அவ்வளவுதானே சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. லேபுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். நாற்காலிகளை ஒழுங்காகத் தள்ளி வைக்காமல் போகிறார்கள். இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 24

கூடத்தில் கிடந்த முக்காலியைக் காணோம். மினா அதை மாடிக்கு ஏற்றிவிட்டாளாம். கேட்டால், “இடத்தை அடைக்குது” என்கிறாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து கூட்டத்தோடு வெளியே வரும்போது ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்து என் கால்முட்டியில் மோதி விழுந்தது. குறுக்கே வந்தது என்று நான் சொல்கிறேன். “கையைப் புடிச்சு நடந்துட்டிருந்த புள்ளையைத் தள்ளிட்டுப் போறாரே” என்று அதன் அம்மா சொன்னார். மினா குழந்தையைத் தூக்கித் தூசி தட்டி மன்னிப்புக் கேட்டாள்.

சாப்பிடும்போது கேட்டாள்: “கண்ணைக் காட்டிட்டு வருவமா?”

“எனக்கென்ன, பேப்பர்ல பொடி எழுத்துகூடக் கண்ணாடி இல்லாமப் படிக்கிறேன்” என்றேன். படித்தும் காட்டினேன். வரி விளம்பரம் ஒன்றை முழுசாக.

செப்டம்பர் 30

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். விண்டோஸின் நிறைகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். ஆனால் அறிவிப்புக் கோளாறு முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

அக்டோபர் 6

முதல்வர் வராந்தாவில் நிறுத்தித் தோளைத் தட்டினார். “அந்த எச்சரிக்கை வராத விஷயம் சீரியஸ் ராஜன். பரீட்சை நேரத்துல பசங்க வேலை போச்சுன்னா பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது? பதினேழாம் தேதி கமிட்டி. அநேகமா லினக்ஸ்தான்.”

இத்தனை வருடத்துக்குப் பிறகு ஜெயிக்கப் போகிறேன். இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டேன். விழவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஃபேன் போட்டேன், அணைத்தேன். தண்ணீர் குடித்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் மினா சொன்னாள்: “எனக்குக் கண்ணாடி மாத்தணும்ங்க. கவுன்ட்டர்ல பின்கோடே தெரிய மாட்டேங்குது. பெர்மிஷன் போட்டுட்டுக் கூட வாங்க.” தில்லைநகரில் ஒரு கண் ஆஸ்பத்திரி. நல்ல கூட்டம். அவள் உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து கூப்பிட்டார்.

“சவரிராஜன்! சவரிராஜன் யாருங்க?”

மினா கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“உன் பேருக்குப் பதிலா என் பேரை மாத்திக் கூப்பிடறாங்க மினா.”

“மாத்தல. எழுந்து போங்க” என்றாள், பையிலிருந்து தலையைத் தூக்காமல்.

அத்தனை பேர் நடுவில் சண்டை போட முடியவில்லை. போனேன். எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை வாசித்தேன். மினாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். பிறகு கண்ணழுத்தம் பார்த்தார்கள். பார்த்த பெண் இன்னொரு தடவை பார்த்தார். இருட்டறை ஒன்றுக்கு அனுப்பினார்.

அங்கே வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவி. அதற்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் தோன்றினால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்று வந்தது, அழுத்தினேன். இன்னொன்று. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. காத்திருந்தேன். கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. காலை ஆட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஆட்ட வேண்டாம் என்றார் அந்தப் பெண்.

“மெஷின் நின்னுபோச்சாம்மா?” என்று கேட்டேன்.

“இல்லை சார், ஓடிட்டுத்தான் இருக்கு. நடுவுலயே பாருங்க.”

ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வெளிச்சங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கிண்ணத்துக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. ‘வந்துச்சே சார்’ என்று திலகவதி மேடம் சொன்ன குரலும் கேட்டது.

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். நடுவில் சின்னதாக வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. கிளாக்கோமா என்றார். “நடுப்பார்வை நல்லா இருக்கு, அதான் உங்களுக்குத் தெரியல. ஓரத்துல நிறைய போயிருக்கு. போனது வராது. மருந்தை ஒழுங்கா விட்டா இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம்.”

“முழுசாப் போயிடுமா டாக்டர்?”

“போகக் கூடாதுன்னுதான் மருந்து.”

இல்லை என்று அவர் சொல்லவில்லை.

“இடிச்சுக்கறது, தடுக்கறது எல்லாம் எப்போலேருந்து?” என்று கேட்டார். எனக்கு ஞாபகமில்லை என்றேன். பின்னாலிருந்து மினா சொன்னாள்: “ஈஸ்டர்லேருந்து டாக்டர்.”

திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். “முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்றேன் அவள் முதுகிடம்.

“சொன்னேன். போன மாசமும் சொன்னேன், அதுக்கு முன்னாடியும் சொன்னேன். பேப்பரைப் படிச்சுக் காட்டுனீங்க. கம்ப்யூட்டர்ல ஏதோ செட்டிங்னீங்க.” சிக்னலில் நின்றபோது தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்டோபர் 10

சொட்டு மருந்து. எரிகிறது.

அக்டோபர் 11

கல்லூரிக்கு யாரும் வருமுன் போனேன். விண்டோஸ் கணினியைப் போட்டு அந்த எச்சரிக்கையை வரவழைத்தேன். ‘டிங்.’ இந்தத் தடவை தலையை வலப்பக்கம் திருப்பி, கீழ்மூலையை நேராகப் பார்த்தேன்.

இருந்தது.

மறுபடி செய்தேன். இருந்தது. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் இருந்தது.

அந்த அறிக்கையை வைத்துத்தான் பதினேழாம் தேதி முடிவு. வாயைத் திறக்காமல் இருந்தால் லேப் முழுக்க லினக்ஸ். நான் கேட்டது அதுதான்.

அக்டோபர் 13

மெஹர் நிஷா மேடம் தன் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். “உக்காருங்க சார். நின்னுட்டே இருந்தா எனக்குக் கழுத்து வலிக்கற மாதிரி இருக்கு” என்றார். நான்தான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “சாவிக்கொத்து. ஆட்டிக்கிட்டே வருவீங்க.”

திரைவாசிப்பான் பழக எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். மாணவர்களுக்காக என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“எந்த மாணவர்?”

“இனிமே சேரப் போற ஒருத்தர்.”

“பார்வை எவ்வளவு இருக்கு அவருக்கு?”

“இப்போதைக்குக் கொஞ்சம் இருக்கு.”

“வயசு?”

சாவிக்கொத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினேன். அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“கண்ணு இருக்கும்போதே கத்துக்கிட்டா நல்லதுதான் சார். தப்பு பண்ணா ஒரு தடவை எட்டிப் பாத்துக்கலாம்” என்றார் சாதாரணமாக. பிறகு, “லினக்ஸே போட்டாலும் நான் கத்துக்குவேன். ஆனா நம்ம காலேஜ்ல கண்ணு தெரியாத பசங்க இருக்காங்க. எல்லாரும் ஸ்கூல்ல விண்டோஸ்லதான் பழகியிருக்காங்க. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்னா அவங்களுக்கு ஒரு வருஷம் போயிடும். உங்க கமிட்டில யாருமே என்னைக் கேக்கல. அதனால சொல்றேன்.”

அக்டோபர் 14

வீட்டில், என் லினக்ஸ் மடிக்கணினியில் ஓர்க்காவை இயக்கி, திரையை முழுக்க இருட்டாக்கிவிட்டேன்.

அதே குரல்! மெஹர் நிஷா மேடத்தின் விண்டோஸில் கேட்ட அதே மூக்கடைத்த, பட்டாணி கொட்டும் குரல். தேடிப் பார்த்தேன். இரண்டு வாசிப்பான்களுக்கும் பேச்சை உண்டாக்குவது ஒரே நிரல்தான். அதுவும் லினக்ஸைப் போலவே திறந்தமூலம், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அந்த என்விடிஏவும் திறந்தமூலம்தான். இத்தனை வருடம் எதிரியின் கூடாரம் என்று நான் எட்டிப் பார்க்காத இடத்தில் என் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

குரலை மெதுவாக்கியும் பாதி புரியவில்லை. ஒரு கோப்பைத் திறந்து சேமித்து மூடுவதற்குள் வேர்த்துவிட்டது. இடையில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் போனது. விசைகளைக் கண்டபடி தட்டினேன். மினா எட்டிப் பார்த்து, “கரன்ட் போச்சா?” என்றாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவளே புரிந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அக்டோபர் 16

மினாவிடம் அறிக்கை விஷயத்தைச் சொன்னேன். யோசித்துவிட்டு, “அறிக்கையை மட்டும் மாத்திக் குடுங்க. மறுபடி டெஸ்ட் பண்ணேன், சரியா வந்துச்சுன்னு சொல்லுங்க. கண்ணைப் பத்தி எதுக்குச் சொல்லணும்? ஏணில ஏறி வயர் இழுக்கற வேலை. தெரிஞ்சா வச்சுக்குவாங்களா?” என்றாள்.

அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் திலகவதி மேடத்தைப் பொய் சொல்கிறார் என்று மாணவர்களுக்குக் கேட்கும்படி கத்தியிருக்கிறேன். ‘மறுபடி பார்த்தேன், வந்தது’ என்றால் அந்தக் கத்தல் என்ன ஆகும்?

“உங்க இஷ்டம். நான் பயத்துல சொல்றேன், சரின்னு சொல்லல” என்றாள்.

அக்டோபர் 17, வெள்ளி

முதல்வர் அறையில் கமிட்டி. திலகவதி மேடம் தாள்கள் கொண்டுவந்திருந்தார். அறிவிப்புப் பெட்டி தெரியும்படி வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்கள், ஒவ்வொன்றிலும் தேதியோடு. அவர் தொடங்குமுன் நான் எழுந்தேன். உட்கார்ந்தே பேசியிருக்கலாம்; எழுந்துவிட்டேன்.

“சார், அறிக்கையில ஒரு திருத்தம். அந்த எச்சரிக்கை எல்லாம் சரியாத்தான் வருது. எனக்குத்தான் தெரியல.”

“தெரியலன்னா?”

“கண்ணுல கிளாக்கோமா. நேரா இருக்கறது தெரியும். ஓரத்துல இருக்கறது தெரியாது. போன வாரம்தான் கண்டுபிடிச்சாங்க.” திலகவதி மேடத்தின் பக்கம் திரும்பினேன். நன்றாகவே திரும்ப வேண்டியிருந்தது. “நீங்க சொன்னது உண்மை மேடம். நான்தான் கத்திட்டேன். மன்னிச்சுடுங்க.”

அவர் கையில் இருந்த தாள்களை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

முதல்வர் பேனா மூடியைத் திறந்து மூடினார். “ராஜன், அப்ப லேப் வேலை... ஏணி, வயரு, யுபிஎஸ் எல்லாம் இருக்கே. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். லைப்ரரிப் பக்கம் மாத்திடட்டுமா?”

மினா பயந்தது இதற்குத்தான்.

“எதுக்கு சார்?” என்றது திலகவதி மேடத்தின் குரல். “அந்த லேபைக் கண்ணை மூடிக்கிட்டே நடத்துவார் அவர்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் அவர். கடைசியில் முதல்வரும். “ஏணில ஏற ஆளு பாத்துக்கலாம் சார்” என்றார் திலகவதி மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. லேப் மாற்றல் பேச்சு அதோடு நின்றது. நிற்கட்டும்.

“சரி, எதைப் போடலாம்? நீங்களே சொல்லுங்க” என்றார் முதல்வர்.

“விண்டோஸ் சார்.”

திலகவதி மேடம் திடுக்கிட்டுப் பார்த்தார். மெஹர் நிஷா மேடம் சொன்னதைச் சொன்னேன். அந்த மாணவர்கள் பழகியது அது. “லினக்ஸுக்காகச் சண்டை போட என்கிட்ட இன்னும் நூறு காரணம் இருக்கு. ஆனா அந்தப் பசங்களோட ஒரு வருஷத்துக்கு அதுல எதுவும் ஈடாகாது. ஒரே ஒரு நிபந்தனை. வாசிச்சுச் சொல்ற மென்பொருள் மூலைல ஒரு மெஷின்ல இல்லாம, எல்லா மெஷின்லயும் இருக்கணும். எங்க வந்து உக்காந்தாலும் வேலை நடக்கணும்.”

ஒத்துக்கொண்டார்கள்.

வராந்தாவில் திலகவதி மேடம், “ஜெயிச்ச மாதிரியே இல்லை சார்” என்றார்.

“எனக்கு நல்லாவே தோத்த மாதிரி இருக்கு மேடம்” என்றேன். உண்மை அதுதான்.

அக்டோபர் 28

தீபாவளி விடுமுறை முடிந்தது. வெளியே நல்ல மழை. லேபில் இடப்பக்க வரிசைகளிலிருந்து லினக்ஸை அழிக்கிறோம். திலகவதி மேடம் வலது கோடியிலிருந்து வந்தார், நான் இடது கோடியிலிருந்து. ஒவ்வொன்றையும் அழிக்குமுன் ஒரு தடவை இயக்கிப் பார்த்தேன். தேவையில்லை. ஆனாலும் பார்த்தேன். தமிழ் மெனு வந்தது, நாங்கள் சண்டை போட்டு வைத்த சொற்களோடு.

பாதியில் எழுந்து வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது என் வரிசையில் மீதி இருந்தவற்றை மேடமே முடித்திருந்தார். “நீங்க டீ குடிக்கப் போயிருக்கீங்கன்னு நினைச்சேன்” என்றார். அவர் அப்படி நினைக்கவில்லை. எனக்குத் தெரியும்.

அக்டோபர் 31

கண்ணழுத்தம் இறங்கியிருக்கிறது. டாக்டர் சிரித்தார். மினா சிரிக்கவில்லை, அடுத்த பரிசோதனைக்கு இப்போதே தேதி வாங்கினாள்.

வீட்டு மடிக்கணினியில் லினக்ஸேதான் இருக்கும். அதை யாருக்காகவும் மாற்ற மாட்டேன். கல்லூரியில் விண்டோஸ். வாசிப்பான்களின் குரல் ஒன்றானாலும் விசைகள் வேறு வேறு. கல்லூரியில் பழகியதை வீட்டில் அழுத்துகிறேன், வீட்டில் பழகியதைக் கல்லூரியில். இரண்டையும் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். பொறுமை என்பது எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

நவம்பர் 6, வியாழன்

மெஹர் நிஷா மேடத்தின் பயிற்சி வகுப்பு இன்று லேபில் தொடங்கியது. கதவைத் திறந்துவிட்டு, ஒலிபெருக்கிகளைச் சரிபார்த்துவிட்டு, வழக்கம்போலப் பின்னால் நிற்பதா என்று யோசித்தேன். பிறகு மாணவர்களோடு ஒரு இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன்.

“பேரு, துறை, எவ்வளவு தெரியும். மூணையும் சொல்லுங்க” என்றார் மேடம்.

“காவ்யா. பி.ஏ. ஹிஸ்டரி. வெளிச்சம் மட்டும் தெரியும்.”

“அன்பரசு. தமிழ் இரண்டாம் வருஷம். எதுவுமே தெரியாது மேடம்.”

“எதுவுமேவா? பாடமும் சேர்த்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். என் முறை. கால் ஆடத் தொடங்கியிருந்தது.

“சவரிராஜன். லேப்.”

“டேய், நம்ம லேப் சார்டா” என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

“எவ்வளவு தெரியும் சார்?” என்றார் மேடம். அவருக்குத் தெரியும். ஆனால் விடமாட்டார்.

“நேரா இருக்கறது தெரியும். பக்கத்துல இருக்கறது தெரியாது. நாளைக்கு என்னன்னு தெரியாது.”

“நாளைக்கு என்னன்னு யாருக்கும் தெரியாது. அது நம்ம சிலபஸ்ல இல்லை” என்றார். “எல்லாரும் மானிட்டரை அணைங்க. ஒரு கோப்பைத் திறந்து, உங்க ஊரைப் பத்தி ரெண்டு வரி அடிங்க. அடிச்சதைக் கேளுங்க.”

அணைத்தேன். திறந்தேன். அடித்தேன். திருச்சியைப் பற்றி இரண்டு வரி எனக்கு என்ன கஷ்டம்? அடித்து முடித்தும் குரல் வரவில்லை. ஒரு விசையை அழுத்தினேன். ‘தி’ என்று ஆரம்பித்து நின்றது. இன்னொன்றை அழுத்தினேன். மறுபடி ஆரம்பித்து மறுபடி நின்றது. வேகமாக மாற்றி மாற்றி அழுத்தினேன். எல்லோருடைய கணினியும் பேசிக்கொண்டிருந்தது, என்னுடையது மட்டும் திக்கிக்கொண்டிருந்தது.

“யாரு அது, தட்டிக்கிட்டே இருக்கறது?” என்றார் மேடம் முன்னாலிருந்து. “ராஜன் சாரா? நீங்க ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் அது பேச்சை நிறுத்திக்கும் சார். நீங்க ஏதோ சொல்ல வர்றீங்கன்னு வழிவிடுது. கையை எடுங்க.”

கையை எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டேன்.

அது பேச ஆரம்பித்தது.